ஒரு கிளை விட்டு வெட்டியது

டிக்கோயா
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜீவராஜ் எழுதுறது. போன் ரிப்பேர் கடை வச்சிருக்கிறவன் கடுதாசி எழுதுறானேன்னு எம்பொண்டாட்டி வினோதா பக்கத்துல நின்னு சிரிக்கிறா. சிரிக்கட்டும். போன ஞாயித்துக்கிழமை நான் போனை வச்சதுக்கு அப்புறம் நீங்க திரும்பத் திரும்ப அடிச்சீங்க. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எடுக்கல. இனியும் எடுக்க மாட்டேன்.

இது கோவத்துல சொல்றதில்ல. யோசிச்சுத்தான் சொல்றேன். ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷம் தாண்டிருச்சு. உங்க கிட்னி ஒண்ணு என் வயித்துல இருக்கு. அத மறக்கல, மறக்கவும் மாட்டேன். ஆனா இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது "சாப்பிட்டியா, பிள்ளை எப்படி இருக்கா"ன்னு பேச்ச ஆரம்பிச்சிருக்கீங்களா? கிரியாட்டினின் எவ்வளவு. பிரஷர் எவ்வளவு. ராத்திரி குளிசை எத்தனை மணிக்குப் போட்ட. சளி இருக்கா, சளி என்ன கலர். போன் அடிச்சாலே நிலக்ஷி "அப்பா, பெரியம்மா கிளினிக்"னு கத்துறா. பத்து வயசுப் பிள்ளைக்கே தெரிஞ்சிருச்சு.

நீங்க செங்கல்பட்டுப் பக்கம் பன்னிக்கு கிட்னி மாத்தி வச்சுப் பாக்குற டாக்டர். பெருமைதான், நம்ம தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுலருந்து போன ஆளு. ஆனா நான் உங்க கூண்டுல இருக்குற பன்னி இல்லக்கா.

அதனால கடுதாசி எழுதுங்க. எழுதுறப்ப மனுசங்க கொஞ்சம் யோசிப்பாங்க. லயத்து விலாசத்துக்கு வேணாம், தோட்டத்து ஆபீசுல வாங்கி வச்சுட்டு மறந்துருவாங்க. ஹட்டன் கடை விலாசத்துக்குப் போடுங்க. பின்னால எழுதியிருக்கேன்.

எழுத்து கோணலா இருக்கும். மன்னிக்கணும். கை நடுக்கம் அப்படியேதான் இருக்கு.

இப்படிக்கு,
தம்பி ஜீவராஜ்


செங்கல்பட்டு
22.01.2025

ஜீவா,

உன் கடிதம் நேற்று வந்தது. நீ சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எண் எதையும் கேட்க மாட்டேன்.

சாப்பிட்டாயா? நிலக்ஷி எப்படி இருக்கிறாள்? நீ சொல்லிக் கொடுத்துக் கேட்பது போல இருப்பதால் எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் பதில் வேண்டித்தான் கேட்கிறேன்.

எழுத்துக் கோணலாக இருப்பதற்கு மன்னிப்பு எதற்கு? நீ தினமும் போடுகிற டாக்ரோலிமஸ் மாத்திரையைச் சாப்பிடுகிற பலருக்குக் கை நடுங்கும். ஓடுகிற பஸ்ஸில் வைத்து எழுதியது போலிருந்தது உன் கடிதம். படிக்க முடிந்தது.

என் வேலையைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. உன்னைக் கூண்டில் வைத்துப் பார்ப்பதாக நினைக்கிறாய் என்பதால் அந்தக் கூண்டு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

குட்டை வகைப் பன்றிகள். ஒன்றின் சிறுநீரகத்தை எடுத்து இன்னொன்றுக்கு வைக்கிறோம். பிறகு உன்னைப் போலவே தினமும் மருந்து, வருடக்கணக்கில். உடம்பு தன்னுடையதல்லாத எதையும் விடாமல் தாக்கும். அந்தத் தாக்குதலை மருந்தால் மட்டுப்படுத்தி வைத்துக்கொண்டே விலங்கை உயிரோடு வைத்திருப்பதுதான் எங்கள் வேலை. மருந்து கூடினால் ஒரு கீறல், ஒரு சாதாரணச் சளி போதும், போய்விடும். குறைந்தால் உடம்பே சிறுநீரகத்தைத் தின்றுவிடும். உள்ளே போகும் முன் நாங்கள் குளித்து, வேறு உடுப்பும் முகக்கவசமும் போட வேண்டும். வீட்டில் யாருக்காவது இருமல் என்றால் அன்று உள்ளே அனுமதி இல்லை. உன்னிடம் சளியின் நிறம் கேட்டது இந்தப் பழக்கத்தால்தான்.

எண் பதினான்கு என்று ஒரு பெண் பன்றி இருக்கிறது. பராமரிக்கும் நல்லமுத்து அதற்கு ராசாத்தி என்று பெயர் வைத்திருக்கிறார். பெயர் வைக்கக் கூடாது என்று நான்தான் விதி போட்டேன். இப்போது நானும் ராசாத்தி என்றுதான் சொல்கிறேன். முன்பெல்லாம் மாத்திரையை வாழைப்பழத் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தால் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைச் சுத்தமாகத் துப்பும். நல்லமுத்து, "ஏம்மா, நான் என்ன உனக்கு விஷமா வைக்கிறேன்?" என்று அதனோடு சண்டை போடுவார்.

ஜீவா, அதற்கு மருந்தை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. முழுவதுமாக. சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது. இத்தனை வருடத்தில் நான் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை நான். ஆனால் காலையில் போய் அது மூக்கை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வரும்போது, ஒருநாள் உனக்கும் இந்த மாத்திரைகள் தேவைப்படாமல் போகலாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போனில் என்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

சுதர்ஷினி


ஹட்டன், கடையிலிருந்து
09.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்க கடுதாசிய மூணு பேரு படிச்சோம். நான், வினோதா, அப்புறம் பக்கத்து வீட்டுக் காளியாயி அக்கா. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது, வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டாங்க. பன்னி குளிசைய துப்புற இடத்துல சிரிச்சு சிரிச்சு வெத்தில புரை ஏறிருச்சு. "அக்காகாரி கிட்னி உள்ள போனதுலருந்துதான் இவன் இப்படி அதிகாரமா பேசுறான்"னு லயம் முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரியுது அந்தக் கெழவி.

சாப்பிட்டேன். நிலக்ஷி நல்லா இருக்கா. கணக்குலதான் கொஞ்சம் மட்டம். உங்க மாதிரி வராது.

கடை நிலவரம் சொல்றேன். பெரிய வேலைய இப்ப எடுக்கிறதில்ல. ஸ்கிரீன் மாத்துறது, பேட்டரி மாத்துறது, அவ்வளவுதான். போர்டுல ஈயம் வைக்கிற வேலைக்குக் கை ஒரு மயிரிழை கூட அசையக் கூடாது. போன கிழமை ஒரு சிங்கள ஐயா நான் ஈயம் உருக்குற சூட்டுக் கம்பிய எடுத்ததப் பாத்துட்டு "அத்த வெவ்லனவா நேத மல்லி"ன்னாரு. கை நடுங்குதே தம்பின்னு. பாவப்பட்டுத்தான் கேட்டாரு. ஆனா போனத் திருப்பி வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. பதினெட்டு வருஷம் இந்தக் கையால சாப்பிட்டவன் நான். டீ கிளாஸ கூட ரெண்டு கையாலதான் பிடிக்கிறேன். நிலக்ஷி அதப் பாத்து அவளும் ரெண்டு கையால பிடிச்சுக் குடிக்கிறா. கேலி பண்ணல. அப்பா குடிக்கிற மாதிரின்னு நெனக்கிறா.

ராசாத்தி கதைதான் இங்க பேச்சு. அதுக்கும் கை கால் நடுங்குச்சா? மருந்த ஒரே நாள்ல நிறுத்துனீங்களா, கொஞ்சம் கொஞ்சமாவா? சும்மா தெரிஞ்சுக்கத்தான்.

எங்க லயத்துக்கு மேல மலையில இப்ப கவ்வாத்து நடக்குது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முழுசா வெட்டுனா செடி தாங்காதுன்னு ஒவ்வொரு தேயிலைத் தூருலயும் ஒரு கிளைய மட்டும் இலையோட விட்டுட்டு வெட்டுறாங்க. அந்த ஒரு கிளையிலதான் செடி மூச்சு விடும். புதுத் தளிர் வந்ததும் அதையும் எடுத்துருவாங்க. நேத்து மழைக்குள்ள நின்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

தம்பி
ஜீவராஜ்


செங்கல்பட்டு
24.02.2025

ஜீவா,

நிலக்ஷி ரெண்டு கையால் கோப்பையைப் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தாய். அன்று முழுவதும் அதுவே நினைவில் இருந்தது.

மழைக்குள் நிற்காதே. எண் கேட்க மாட்டேன் என்றுதான் சொன்னேன், புத்தி சொல்ல மாட்டேன் என்று சொல்லவில்லை.

ராசாத்திக்கு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தோம். முதலில் மாலை வேளையை, பிறகு மெதுவாகக் காலை வேளையை. அதற்கு முன் செய்த ஏற்பாடுகள் பல உண்டு, அவற்றை எழுதினால் உனக்கு அலுப்புத் தட்டும். நடுக்கம் அதற்கும் இருந்தது. மருந்து குறைந்ததும் நின்றுவிட்டது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்தில் நடப்பது. கண்டி கிளினிக்கில் உன் டாக்டர் என்ன சொல்கிறாரோ அதுதான் உனக்கு. நடுக்கத்தை அவரிடம் சொல். வேறு மருந்துக்கு மாற்ற வழி இருக்கலாம்.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. ராசாத்தி நலம். வாசலில் நல்லமுத்துவின் குரல் கேட்டாலே எழுந்து நிற்கிறது.

சுதர்ஷினி


ஹட்டன்
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடுதாசி போடத் தாமதம். கடையில வேலை. வேலைன்னா வேலை! டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, எல்லாப் பக்கத்துலருந்தும் போன் வருது. அந்தச் சிங்கள ஐயாவே திரும்பி வந்தாரு. சார்ஜ் ஏறாத போன். போர்ட கழட்டி, லென்ஸுக்குக் கீழ வச்சு, அவரு கண்ணு முன்னாலயே ஈயம் வச்சுக் கொடுத்தேன். என் கையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. போறப்ப அவரு அண்ணன் மகன் போனையும் கொடுத்துட்டுப் போனாரு.

மாசியில நம்ம தோட்டத்துக் காமன் கூத்துல இந்த வருஷம் தப்பு மேளம் அடிச்சேன். ஆமாக்கா, நானேதான். ரெண்டு வருஷமா கூட்டத்துக்குப் பயந்து லயத்து வாசல்ல முகமூடி போட்டு நின்னு பாத்தவன். காமன் எரிஞ்ச சாம்பல நெத்தியில வச்சுக்கிட்டு நிலக்ஷி என் கழுத்தக் கட்டிக்கிட்டா. வினோதா கண்ணு கலங்கி நின்னா. காளியாயி அக்கா மட்டும் "டேய், டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சா உன்னய பன்னியோட கட்டிப் போட்டுருவாங்கடா"ன்னுச்சு.

உடம்பு நல்லா இருக்கு. போன கிளினிக்குல ரத்தம் எடுத்தாங்க, மருந்து அளவு சரியா இருக்குன்னாங்க. பசி நல்லா எடுக்குது. பழைய ஜீவராஜ் ஆயிட்டேன்னு வச்சுக்கங்க. இந்தக் கடுதாசிய ஒரே மூச்சுல உக்காந்து எழுதினேன்.

ராசாத்திய கேட்டதாச் சொல்லுங்க.

தம்பி
ஜீவராஜ்


செங்கல்பட்டு
12.04.2025

ஜீவா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. முதலில் சந்தோஷமாக இருந்தது. பாதி படித்ததும் எழுந்து போய் உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

ஜனவரியில் எழுதிய கடிதத்தையும் இதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு எழுத்தும் ஆடுகிறது. இதில் ஒரு சுழி கூடத் தவறவில்லை. பள்ளிக்கூடத்தில் நீ பரிசு வாங்கிய கையெழுத்து இது.

முழு மருந்து சாப்பிடுகிறவனின் எழுத்தாக இது எனக்குத் தெரியவில்லை.

எந்த வேளையை விட்டாய்? எப்போதிலிருந்து?

ரத்தத்தில் அளவு சரியாக இருந்தது என்று எழுதாதே. கிளினிக்குக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் அளவு சரியாகத்தான் காட்டும். இதைச் செய்கிற நோயாளிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். எங்கள் விலங்குகளுக்கு மட்டும்தான் அது தெரியாது.

உனக்குப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வினோதாவுக்குச் செய்தேன். "நல்லாத்தான் இருக்காரு அண்ணி, நல்லாச் சாப்பிடுறாரு, குளிசை டப்பா காலியாகுது" என்றாள். டப்பா காலியாவது வேறு, வயிற்றுக்குள் போவது வேறு என்று சொன்னேன். இனி உங்கள் இருவருக்குள் என்ன நடக்குமோ தெரியாது. அவளைக் கோபிக்காதே. கோபம் என்மேல் இருக்கட்டும்.

எண் கேட்க மாட்டேன் என்று சொன்னதை மீறுகிறேன். பதில் எழுது.

சுதர்ஷினி


டிக்கோயா
26.04.2025

அக்கா,

ஆமா. ராத்திரிக் குளிசைய நிறுத்திட்டேன். உங்க ரெண்டாவது கடுதாசி வந்ததுக்கு அடுத்த நாளே.

கிளினிக்கு முன்னால மட்டும் போடுறதும் உண்மைதான். போட்டா கை மறுபடி ஆடும். அந்த நாள்ல பெரிய வேலைய எடுக்காம வெளியூர் போறேன்னு சொல்லிருவேன். மத்த நாள்ல ராத்திரிக் குளிசைய தண்ணிப் பீலிக்குப் பக்கத்துல மண்ணுல புதைச்சேன். அது வினோதாவுக்குத் தெரியாது. இப்ப தெரியும். ரெண்டு வாரமா அவ என்கூடப் பேசல, சோறு மட்டும் வைக்கிறா. உங்க வேலை.

நான் முட்டாள் இல்ல. முழுசா நிறுத்தல. காலைக் குளிசைய விடாமப் போடுறேன். கவ்வாத்து மாதிரிதான். ஒரு கிளை விட்டு வெட்டியிருக்கேன். உடம்பு அதுல மூச்சு விட்டுக்கும். பழகினதும் அதையும் எடுப்பேன். நீங்க ராசாத்திக்குச் செஞ்சத விட நான் நிதானமாத்தான் செய்றேன். மொதல்ல மாலை வேளைன்னு நீங்கதான எழுதுனீங்க? பன்னிக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயமா?

அதுவும் அந்தப் பன்னிக்கு யாரோ ஒரு பன்னி கிட்னி. எனக்கு அப்படியா? நாம ஒரே வயித்துல பொறந்தவங்க. முழுப் பொருத்தம்னு கண்டி டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. உங்க ரத்தம் எனக்கு அன்னியமா? என் உடம்பு உங்களப் போய் தாக்குமா? அத நம்ப என்னால முடியலக்கா.

ஒண்ணு கேக்கிறேன். நெஞ்சுல ரெண்டு வருஷமா இருக்கு. நீங்க இந்தக் கிட்னிய எனக்குக் கொடுத்தீங்களா, இரவலாத் தந்தீங்களா? கொடுத்தது கொடுத்ததுதான்னா வச்சவன் பாத்துக்குவான். இரவல்னா சொல்லிருங்க. ஒவ்வொரு வேளைக்கும் கணக்கு ஒப்புவிக்கிறேன், கை நடுங்க நடுங்க.

எனக்கு ஒண்ணுமில்ல. நல்லா இருக்கேன். காலைல மலையேறி மூச்சு வாங்காம வர்றேன். எதுவும் ஆயிருந்தா எனக்குத் தெரியாதா?

ஜீவராஜ்


செங்கல்பட்டு
07.05.2025

ஜீவா,

இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து இப்போதே வினோதாவின் போனுக்கு அனுப்புகிறேன். உன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறேன். தபாலில் வருவதற்குக் காத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை.

ராசாத்தி இறந்துவிட்டது.

போன வாரம் வழக்கமான சோதனைக்காகச் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்தோம். பார்த்தபோது உடம்பின் நிராகரிப்பு ஆழமாக இறங்கியிருந்தது. திரும்ப மருந்து கொடுத்துப் பார்த்தோம். பிந்திவிட்டது. முந்தாநாள் நாங்களே மயக்கம் கொடுத்து முடித்தோம். அன்று காலை வரை அது சாப்பிட்டது. மூக்கை நீட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது. வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, மாத்திரையைத் துப்பிவிட்டு, நல்லமுத்துவை ஜெயித்துவிட்ட மாதிரி பார்த்தது. "எதுவும் ஆயிருந்தா எனக்குத் தெரியாதா?" என்று நீ கேட்டிருக்கிறாய். ராசாத்திக்குத் தெரியவில்லை, ஜீவா. எங்களுக்கும் தெரியவில்லை. சிறுநீரகம் சத்தமில்லாமல் போகும். நல்லா இருக்கேன் என்று நீ எழுதியதைப் படித்துத்தான் நான் அதிகம் பயந்தேன்.

அலுப்புத் தட்டும் என்று நான் எழுதாமல் விட்டது இது. ராசாத்திக்குச் சிறுநீரகம் கொடுத்த பன்றியின் எலும்பு மஜ்ஜையையும் எடுத்து முன்பே அதற்குள் செலுத்தியிருந்தோம். உடம்பை ஏமாற்றிப் பழக்கத்தான் அது. உனக்கு அப்படி எதுவும் செய்யவில்லை. அந்த வரிசையில் ஆறு பன்றிகள் இருந்தன. மற்ற ஐந்தும் மருந்தைக் குறைக்கும்போதே போய்விட்டன. மிஞ்சிய ஒன்றைப் பற்றித்தான் உனக்கு எழுதினேன். மற்றவர்கள் முடிவைச் சொன்னால் எத்தனையில் எத்தனை என்று முதலில் கேட்பவள் நான். உன்னிடம் மட்டும் அதைச் சொல்லாமல் விட்டேன். உனக்கு ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று இருந்தது.

ஒரே வயிறு என்று எழுதியிருக்கிறாய். முழுப் பொருத்தம் என்றாலும் நான் வேறு உடம்பு, நீ வேறு உடம்பு. உன் ரத்தத்துக்கு அக்கா என்றெல்லாம் தெரியாது. பொருத்தம் நன்றாக இருப்பதால் இவ்வளவு நாள் தாங்கியிருக்கலாம். அவ்வளவுதான்.

கவ்வாத்து வெட்டும்போது விட்ட கிளையில் செடி மூச்சு விடும் என்றாய். செடி சாகாமல் இருக்க விடுகிற கிளை அது. நீ காலையில் சாப்பிடுகிற மாத்திரையில் உன் உடம்பு மூச்சு விடவில்லை. உன் உடம்பைக் கட்டிவைத்திருக்கிற கயிற்றில் பாதியை அறுத்திருக்கிறாய்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

கொடுத்தேன்.

இரவலாக நினைத்து ரெண்டு வருடம் போன் பண்ணியிருக்கிறேன் என்பது உன் கடிதத்தைப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. மறுமுனையில் நீ இருந்தாய், நான் என் சிறுநீரகத்தோடு பேசிக்கொண்டிருந்தேன். அது உன்னுடையது. காப்பாற்றுவதும் கெடுப்பதும் உன் விருப்பம்.

முந்தாநாள் ராத்திரி விமான டிக்கெட் எடுத்தேன். காலையில் ரத்துச் செய்தேன். நான் வந்து நின்றால் எனக்காகப் போவாய். எனக்காக எத்தனை நாள் மாத்திரை சாப்பிடுவாய்? இங்கேயே இருக்கிறேன். நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதோடுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கண்டிக்குப் போனால் குளிசையைப் புதைத்ததை மறைக்காமல் சொல். மறைத்தால் அவர்கள் தவறான இடத்தில் தேடுவார்கள்.

இனி எதுவும் கேட்க மாட்டேன்.

அக்கா


டிக்கோயா
02.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டுக்கு வந்து அஞ்சு நாள்தான் ஆகுது. கண்டியில இருந்தேன்னு வினோதா மெசேஜ் போட்டிருப்பா. நான் சொல்ல வேண்டியத நானே எழுதணும்னு மத்ததச் சொல்லாம இருக்கச் சொன்னேன். காத்திருந்தது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

உங்க கடுதாசிய வினோதா போனுல படிச்சேன். அவ நீங்க சொன்ன மாதிரி தள்ளி நிக்கல. என் தோளுக்குப் பின்னாலயே நின்னா. ராசாத்தி காலையில சாப்பிட்ட எடத்துல அவ அழுதா. எனக்கு அழுகை வரல, வயித்தத் தொட்டுப் பாத்தேன். நீங்க வர்றேன்னு எழுதியிருந்தா அன்னைக்கே சண்டைக்கு நின்னிருப்பேன். வரலன்னு எழுதியிருந்தீங்க. யாருகூடச் சண்டை போடுறது? காலைல மொத பஸ்ஸ பிடிச்சேன்.

எதையும் மறைக்காமச் சொன்னேன். பெரிய டாக்டர் என்னையப் பாத்துட்டு "ஒயா தொஸ்தரத?"ன்னாரு. நீ என்ன டாக்டரான்னு. இல்ல சேர், போன் ரிப்பேர்னேன். பக்கத்துல நின்ன நர்ஸ் நோனா சிரிப்ப அடக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. ஊசி போட்டு சதை எடுத்தாங்க. உடம்பு கிட்னியத் தாக்க ஆரம்பிச்சிருச்சுன்னாங்க. மூணு நாள் நரம்புல மருந்து ஏத்துனாங்க. முகம் ஊதிப்போச்சு, நிலக்ஷி என்னயப் பாத்து "யாரு மாமா நீங்க"ன்னா.

நின்னுருச்சுக்கா. ஆனா கொஞ்சம் போனது போனதுதானாம். மிச்சம் எத்தனை வருஷம் வரும்னு கேட்டேன். நல்லாப் பாத்துக்கன்னு மட்டும் சொன்னாரு டாக்டர். நடுக்கத்துக்கு வேற மருந்து மாத்த இப்ப முடியாது, கொஞ்ச நாள் போகட்டும்னாரு. ரெண்டு கேட்டா ஒண்ணத்தான் தர்றாங்க.

நீங்க கேக்கல. நானே எழுதுறேன். கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி ஒன்பது. போன வருஷம் ஒண்ணு புள்ளி ரெண்டு. இது ஒப்புவிக்கிற கணக்கு இல்ல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்னு எனக்கே தோணுச்சு.

கடைய மூடல. வினோதா இப்ப என்கூட ஹட்டனுக்கு வர்றா. மலையில கொழுந்து கிள்ளின விரல், ஒரு இலை தப்பாது. சூட்டுக் கம்பிய அவ கையில கொடுத்துட்டேன். நான் லென்ஸ்ல பாத்து இங்க, இல்ல இங்க, கொஞ்சம் மேலன்னு சொல்றேன். மொத நாள் ரெண்டு போர்ட எரிச்சா. "நீங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா எரிஞ்சிருக்காது"ன்னா. பேச ஆரம்பிச்சிட்டாளேன்னு நான் சும்மா இருந்துட்டேன். அந்தச் சிங்கள ஐயா வந்து ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, போன அவகிட்ட நீட்டுனாரு.

நல்லமுத்து ஐயாகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க. அடுத்ததுக்கும் பேரு வைக்கச் சொல்லுங்க, தப்பில்ல.

ராத்திரிக் குளிசைய போட்டுட்டுத்தான் எழுத உக்காந்தேன். பேனாவ ரெண்டு கையாலயும் பிடிக்க வேண்டியிருக்கு. எழுத்து மேலயும் கீழயும் போகுது, ஒரு வரி இன்னொரு வரி மேல ஏறிருச்சு. வினோதா, குடுங்க நான் எழுதித் தர்றேன், அண்ணி பாவம் கண்ணு வலிக்கும்னா. வேணாம்னுட்டேன். அக்கா என் கையெழுத்தத்தான் மொதல்ல பாப்பாங்கன்னு சொன்னேன்.

தம்பி
ஜீவராஜ்